மூடி போட்டு எடுத்த படம்

சித்திரை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, செங்காட்டுவலசு நூல்கடை வீதியின் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் ஓதிச்சாமி மார்பளவு மலத்தில் நின்று அடைப்பைக் குத்திக்கொண்டிருக்கும்போதே, நகராட்சி ஆபீசில் அவனைக் கம்ப்யூட்டரில் முடித்துவிட்டார்கள். யாரும் அவன்மேல் கோபம் கொண்டு அதைச் செய்யவில்லை. கோபம் கொள்ளும் அளவுக்கு அவனை ஓர் ஆளாக யாரும் மதித்ததில்லை என்பது வேறு விஷயம். கெடு முடியப் போகிறது, அவ்வளவுதான்.

என்ன கெடு என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாக வந்த கமிஷனர், சின்ன வயசு, மடிப்புக் கலையாத சட்டை, நகராட்சிக்கு ‘தூய வலசு’ என்று ஓர் ஆப் கொண்டுவந்தார். வாசலில் குப்பையோ சாக்கடையோ செத்த நாயோ கிடந்தால் ஊர்க்காரர்கள் போனில் ஒரு படம் பிடித்து ஆப்பில் போட வேண்டியது, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நகராட்சி ஆட்கள் அதைச் சுத்தம் செய்து அதே இடத்தை இன்னொரு படம் பிடித்துப் போட வேண்டியது, ஆபீசில் உட்கார்ந்திருக்கும் ஹேமலதா என்ற பெண் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு ‘முடிந்தது’ என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டியது. எந்த ஊரில் பச்சை அதிகமோ அந்த ஊருக்கு மாநிலத்தில் முதல் ரேங்க். அப்போது ஊரே ஒரு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பனியன் கம்பெனிகளுக்குக் கண்ணாடிச் சுவர் வந்தது, பைபாஸ் நாலு வழியானது, கீரைக்காரியின் கூடையில்கூட ஸ்கேன் பண்ணுகிற அட்டை தொங்கியது, எல்லோர் கையிலும் போன், எல்லோர் போனிலும் ஆப். ஆனால் இத்தனை பேரும் பேண்டது போகிற வழியில் அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்க அப்போதும் ஓதிச்சாமிதான் வேண்டியிருந்தது. மனிதனை இறக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது, மெஷின் ஒன்றும் வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஆபீஸ் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். நூல்கடை வீதி முனையில் அது திரும்பாது.

இரண்டாவது படம் எடுப்பதில் மேஸ்திரி சம்பத்துக்கு ஒரு தனி வித்தை இருந்தது. அந்தப் படத்தில் மனித உருவம் விழுந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. ஆகவே குப்பை என்றால் கேமராவை ஒரு முழம் தள்ளிச் சுத்தமான பக்கமாகத் திருப்பி எடுப்பான், சாக்கடை என்றால் குழிக்கு மூடியைப் போட்டு, சுற்றிலும் பிளீச்சிங் பௌடரை வட்டமாகத் தூவி, பூ வைத்த மாதிரி எடுப்பான். அவன் எடுத்த படங்களைப் பார்த்தால் அந்த மூடியின் மேல் இலை போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கும், அப்படி ஒரு கைராசி அந்தப் பாவிக்கு.

அன்றைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றவள் ஓதிச்சாமியின் மனைவி துளசிமணி. அவளும் அதே நகராட்சியில் காண்ட்ராக்டில் கூட்டுகிறவள். புருஷன் குழிக்குள் இறங்கும்போது வேறு யார் கையிலும் கயிற்றைக் கொடுக்க மாட்டாள்.

“அவரு மேல வந்துரட்டுமுங்க மேஸ்திரி,” என்றாள்.

“இன்னும் அஞ்சு நிமிஷந்தான் இருக்குது துளசி. மூடியப் போட்டு ஒரே ஒரு போட்டோ. எண்ணி முப்பது செகண்டு. டேய் ஓதி, தலையக் குனிஞ்சுக்கடா!”

உள்ளேயிருந்து “சரிங்க” என்று குரல் வந்தது. எதற்கும் சரிங்க என்கிறவன் அவன்.

மூடியைத் தள்ளிப் பொருத்தினார்கள். விளிம்பில் நசுங்கிக் கிடந்த கயிற்றின் மேலும் பௌடரைக் கொட்டி மறைத்துவிட்டு, சம்பத்து படத்தை எடுத்து அனுப்பிவிட்டு, போனைக் காதில் வைத்து “அழுத்து அம்மணி” என்றான். ஹேமலதா அழுத்தினாள். பிறகு மூடியைத் திறந்தபோது குழிக்குள் மலமும் இல்லை, தண்ணீரும் இல்லை, ஓதிச்சாமியும் இல்லை, கழுவித் துடைத்தது போல வெறும் சிமெண்டுத் தரை தெரிந்தது. துளசிமணி கையிலிருந்த கயிறு விளிம்புக்கு இரண்டு சாண் கீழே வெட்டினாற்போல நின்றிருந்தது, ஆனால் கனத்தது. அந்த வெறும் குழியிலிருந்து, “இழு புள்ள, மூச்சு முட்டுது,” என்று அவள் புருஷனின் குரல் கேட்டது. கத்தக்கூட நேரமில்லாமல் இழுத்தாள். ஒரு ஆளின் எடை ஏறி வந்தது, ஈரமாக ரோட்டில் என்னவோ பொத்தென்று விழுந்தது, சூடான ஒரு கை அவள் கணுக்காலைப் பற்றியது, நாற்றம் குப்பென்று மூக்கில் அடித்தது. கண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

சம்பத்து குழிக்குள் எட்டிப் பார்த்து, “பரவால்லியே, அடைப்பு எடுபட்டுருச்சே!” என்றான். அதுதான் அவன் முதலில் சொன்னது.

துளசிமணி காற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போனாள். ஹேமலதா பயந்தாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தாள், அழக்கூட அழுதாள், நல்ல பெண்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு விவரம் சொன்னாள்.

“முடிச்சதைத் திறக்க எங்களால முடியாதுங்கக்கா. புகார் குடுத்தவங்க அவங்க போன்ல ‘திருப்தி இல்லை’ன்னு அழுத்தோணும். அதுவும் முப்பது நாளைக்குள்ள. அப்புறம் கமிஷனரே நெனச்சாலும் முடியாதுங்க, அது பழசு போடற பரணுக்குப் போயிரும்.”

“ஆரு சாமி புகார் குடுத்தது?”

“நூல்கடை அமிர்தவல்லி அம்மா.”

அமிர்தவல்லி அம்மாள் ஊரில் நல்ல பெயர் எடுத்தவள். வேலைக்காரிகளைக்கூடக் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள், கையை நீட்டினவர்களுக்கு இல்லை என்று சொன்னதில்லை. மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது, மாப்பிள்ளை வீட்டார் வந்து போகிற வாசலில் சாக்கடை பொங்குகிறதே என்றுதான் புகார் கொடுத்திருந்தாள். துளசிமணி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள், உச்சுக்கொட்டினாள், வெறும் காற்றைப் பார்த்து “ஓதி, இருக்கறியா கண்ணு?” என்று விசாரித்தாள். “இருக்கறனுங்க” என்று பதில் வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“நான் அழுத்தறதுக்கு என்ன கண்ணு, ஒரு விரலுதான. ஆனா அதைத் திறந்தா அன்னைக்கு இருந்த சாக்கடையும் சேர்ந்து திறந்துக்குமே. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நாளை விட்டு நாள் வர்றாங்க. வைகாசிலதான் முகூர்த்தம், ஞாயித்துக்கிழமை. என்ன, இன்னைய விட்டு முப்பதாம் நாள். தாலி ஏறுனதும் மொத வேலையா அழுத்திப்போடறேன். என் பொண்ணு மேல சத்தியம்.”

நான்கு இட்லியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். முப்பதாம் நாள் பதினொன்று நாற்பதோடு கெடு முடிகிறது என்பதை ஹேமலதா ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள், துளசிமணி அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான், அந்த அம்மாளின் விரல் ஒரு தடவை அந்த இடத்தில் பட வேண்டும், புருஷனின் முகம் திரும்ப வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கம் உட்கார வைத்துக் குளிப்பாட்டினாள். உச்சி வெயிலில் குடம் குடமாக ஊற்றி, தலை எது தோள் எது என்று தடவித் தடவிச் சோப்புப் போட்டாள். விரலுக்குக் காதுமடல் தட்டுப்பட்டது, அதன் மடிப்பில் சொதசொதவென்று என்னவோ தட்டுப்பட்டது, வழித்து எறிந்தாலும் மறுபடி தட்டுப்பட்டது. முடிக்கப்பட்ட நேரத்தில் அவன்மேல் இருந்த சாக்கடையும் அவனோடு சேர்ந்தே முடிக்கப்பட்டிருந்தது, எத்தனை குடம் ஊற்றினாலும் அது போகவில்லை. அவன் உடுத்திய வேட்டி உடுத்தியதும் மறைந்தது, தட்டிலிருந்து எடுத்த சோற்று உருண்டை கைக்குப் போனதும் மறைந்தது. துளசிமணிக்குக் குமட்டியது. கட்டின புருஷன் மேல் குமட்டுகிறதே என்று அழுதாள், அழுதுகொண்டே சோறு போட்டாள்.

ஊர் முதல் நாள் பயந்தது, இரண்டாம் நாள் அதையே பேசியது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. எவ்வளவு சுளுவாகப் பழகியது என்று சொல்லும்போதே வாய் கசக்கிறது. டீக்கடைக்காரர் கடைக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு அதன்மேல் பேப்பர் கப்பில் டீ வைத்தார், கப்பு மறைந்தால் சரி, ஓதி வந்துவிட்டுப் போனான் என்று அர்த்தம். சாக்கடையில் இறங்கிவிட்டு வருகிறவனைப் பார்த்தால் முன்னெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது, இப்போது அந்தச் சிரமமும் மிச்சம் என்று நூல்கடை வீதியில் ஓர் அம்மாள் சொன்னாள், சிரிக்காமல் சொன்னாள். ரோட்டில் போகும்போது அவன் பேசக் கூடாது, வெறும் இடத்திலிருந்து குரல் வந்தால் பிள்ளைத்தாச்சிகள் பயப்படுகிறார்கள் என்று வார்டுக் கூட்டத்தில் முடிவானது. எப்படி இப்படி ஆயிற்று என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் கேட்டது இதனால் நமக்கு என்ன தொந்தரவு என்பதைத்தான்.

கமிஷனருக்கு விஷயம் போனபோது ஒரு நிமிஷம் யோசித்தார், பிறகு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். குழிக்குள் ஆளை இறக்குகிறீர்களா என்று பார்க்க மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் வரட்டும், எட்டிப் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும், குழிக்குள் மனிதன் இல்லை. அடைப்பும் எடுபடுகிறது, சட்டமும் மீறப்படவில்லை, இப்படி ஒரு வசதி எந்த ஊர்க் கமிஷனருக்கு வாய்க்கும்? வாரத்துக்கு ஒரு குழி இறங்கிக்கொண்டிருந்தவனை ஒரே நாளில் ஏழு குழி இறக்கினார்கள். பக்கத்து நகராட்சியிலிருந்து ஒரு குழு வந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனது. துளசிமணியைக் கயிறு பிடிக்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், குழியருகே அவள் நிற்பது படத்தில் விழுகிறதாம். சம்பத்தே ஒரு கையில் கயிறும் ஒரு கையில் போனுமாக நின்றான்.

பிறகு ஊருக்கு ஒரு சங்கடம் வந்தது. கண்ணுக்குத் தெரியாதவன் கடைவீதியில் நடந்தால் மேலே பட்டுவிடுகிறதே! வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போன ஒரு வாத்தியார் மனைவியின் தோளில் அவன் தோள் இடித்துவிட்டது, அவள் திரும்பிப்போய் மறுபடி குளித்துவிட்டு வந்து ஆப்பில் புகார் போட்டாள். ஒரே வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு புகார்கள். கமிஷனர் சும்மா இருக்கிறவரா? தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைத் தருவித்து, நாடாவில் கோத்து, ஓதிச்சாமியின் கழுத்து எங்கே என்று சம்பத்தை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லி மாட்டிவிட்டார். ஆப்பை ஒரு தட்டு தட்டிப் புதுப்பித்துக்கொண்டால் போதும், ஓதிச்சாமி பதினைந்து அடிக்குள் வந்ததும் நம் போன் மணியடிக்கும், ஒதுங்கிக்கொள்ளலாம். இது யாரையும் ஒதுக்குவதற்காக இல்லை, இரு தரப்பின் பாதுகாப்புக்காக என்று தொடக்க விழாவில் கமிஷனர் பேசினார், எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு வாரத்தில் பதினெட்டாயிரம் பேர் அதைப் போனில் ஏற்றினார்கள். சத்தம் நாராசமாக இருக்கிறது என்று சிலர் குறைப்பட்டதால் கோயில் மணிச் சத்தம் வைத்தார்கள், பதினைந்து அடி போதாது, இருபத்தைந்து ஆக்குங்கள் என்று சிலர் எழுதினார்கள், அப்படியே ஆனது. அவன் கடைவீதியில் நடந்தால் இரண்டு பக்கமும் வரிசையாக மணி அடிக்கும், சனங்கள் போனைப் பார்த்தபடியே, பேச்சைக்கூட நிறுத்தாமல், இரண்டு பக்கமும் விலகுவார்கள். படித்த சனம், பல் விளக்கிய சனம், தமக்கு என்ன வந்திருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

காலனிக்குள்ளேயே நாலு வீட்டில் அதை ஏற்றியிருந்தார்கள் என்பதுதான் துளசிமணிக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டியது. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டில் மணி அடித்தது.

“எங்க பாட்டன் காலத்துல மேக்கால தெருவுக்குள்ள போறப்ப வாயால கத்திக்கிட்டே போவோணுமாம், எங்கப்பன் சொல்லும்,” என்றான் ஓதிச்சாமி, தட்டுக்கு முன்னால் வெறும் இடமாக உட்கார்ந்துகொண்டு. “எனக்கு அந்தக் கஷ்டமில்ல பாரு. அவுங்க போனே கத்திக்குது.”

“சிரிக்காத மாமா.”

“நான் சிரிக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?”

துளசிமணி அவனுடைய சிரிப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், மேல்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், அது இடது பக்கமா வலது பக்கமா என்று சட்டென்று ஞாபகம் வரவில்லை.

இருபத்திரண்டாம் நாள் சந்தைப்பேட்டைக் குழியில் விஷவாயு தாக்கி ஓதிச்சாமி மயங்கி விழுந்தான். மேலே சம்பத்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான், எட்டிப் பார்த்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கும்? தண்ணீர் மூக்கில் ஏறி அவனாகவே விழித்து, அவனாகவே ஏறி வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவன் சுவரோரமாகப் படுத்து இருமிக்கொண்டே இருந்தான். துளசிமணி தடவிப் பார்த்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“உள்ளயே போயிருந்தா?” என்றாள்.

“போயிருந்தா என்ன. பொணம்னு ஒண்ணு தெரிஞ்சாத்தான தூக்கறதுக்கு.”

மறுநாளே அவள் அமிர்தவல்லி அம்மாள் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் பந்தல்கால் நட்டிருந்தது. கல்யாணத்துக்கு ஏழே நாள்தான், இப்போது போய்ச் சாக்கடையைத் திறக்கச் சொல்கிறாயே கண்ணு, நீயும் ஒரு பொம்பளைதானே என்று அந்த அம்மாள் வருத்தப்பட்டுக்கொண்டாள். வருத்தம் உண்மையானதுதான். முறுக்கும் அதிரசமும் கொடுத்தாள். துளசிமணி அதை வழியிலேயே கொட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பைபாஸ் ஓரத்தில் புதிதாகக் கட்டிய ஏசிக் கல்யாண மண்டபம், வாசலில் குலை தள்ளிய வாழை மரம், பூவால் வளைத்த நுழைவாயில், அதில் மணமக்கள் பெயர் விளக்கில் எரிந்து எரிந்து அணைந்தது. துளசிமணி காலையிலேயே புருஷனின் கழுத்துக் கருவியைக் கழற்றி வீட்டு அடுப்படியில் போட்டுவிட்டு, அவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாழை மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். முகூர்த்தம் ஒன்பதரை பத்தரை. கெட்டிமேளம் கேட்டது. பதினொன்று ஆனது, பதினொன்றே கால் ஆனது, முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது, அந்த அம்மாளைக் காணோம். வாட்ச்மேனிடம் சொல்லியனுப்பினாள், அவன் போகவில்லை. பரிமாற வந்தவர்களில் தெரிந்த ஒருத்தியைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியனுப்பினாள். அவள் கை வியர்த்தது, அவள் கைக்குள் இருந்த கையும் வியர்த்தது.

பதினொன்றரைக்கு அமிர்தவல்லி அம்மாள் வந்தாள். அரக்குப் பட்டு, கழுத்து நிறைய நகை, அழுது சிரித்த முகம். சத்தியம் தவறாதவள். மண்டபத்துக்கும் வீட்டுக்கும் ஒன்றரை மைல் தூரம், சாக்கடை திறந்தால் அங்கே வாசலில்தான் பொங்கும், விருந்தாளிகள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள், நாளைக்கு வேறு புகார் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

“நல்லா இரு கண்ணு,” என்று சொல்லிப் போனை எடுத்துத் ‘திருப்தி இல்லை’யை அழுத்தினாள்.

ஓதிச்சாமி தெரிந்தான்.

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கறுப்பாக வழிந்துகொண்டு, முடிக்கப்பட்ட அன்றைய மலமும் அதன்பிறகு இறங்கிய குழிகளின் மலமும் அடுக்கடுக்காக மேலே அப்பி, தலைமயிரில் புழு நெளிய, பூ வளைவுக்கு நேர் கீழே நின்றான். கூசிப்போய் இரண்டு கைகளாலும் உடம்பை மூடிக்கொள்ளப் பார்த்தான். துளசிமணிக்கு அவன் கண்கள்தான் தெரிந்தன, சிவந்து, இடுங்கி, அவளையே பார்க்கிற கண்கள். முந்தானையை இழுத்து நெற்றியைத் துடைத்தாள், ஒரு கண்ணைத் துடைத்தாள், கன்னத்தைத் துடைத்தாள். முப்பது நாளாகத் தடவித் தடவித் தேடியது இப்போதுதான் எங்கே இருக்கிறதென்று தெரிந்தது. அவன் வாயைத் திறந்து சிரித்தான், உடைந்த பல் இடது பக்கம் இருந்தது. “அட என் சாமி,” என்று வாய்விட்டே சொன்னாள்.

அதற்குள் வாசலில் நின்றவர்கள் அலறினார்கள். ஒருத்தி வாந்தி எடுத்தாள். “கல்யாண வாசல்ல வந்து நிக்குது பாரு சனியன்!” என்று ஒரு பெரிய மனிதர் கத்தினார். கத்தினதோடு விடவில்லை, ஒருவர் கை தவறாமல் எல்லோரும் போனை எடுத்தார்கள். கல்லை எடுத்திருந்தால்கூட அவர்களை மனிதர்கள் என்று சொல்லலாம். வரிசையாக நின்று, கையை நீட்டி, படம் பிடித்து, ‘தூய வலசு’வில் போட்டார்கள், பைபாஸ் மண்டப வாசலில் அசுத்தம், உடனே அகற்றவும். நாற்பது புகார், ஐம்பது புகார். அமிர்தவல்லி அம்மாளும் போட்டாள். கண்ணைத் துடைத்த விரலின் ஈரம் காய்வதற்குள் அதே விரலால் போட்டாள். “எனக்கு வேற வழி தெரியலை கண்ணு, சம்பந்தி வெளிய வந்துருவாங்க,” என்று துளசிமணியைப் பார்த்துக் கெஞ்சவும் செய்தாள்.

முதல் பந்தியிலிருந்து சம்பத்து கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தான். ரேங்க் எடுக்கிற வாரம், ஞாயிற்றுக்கிழமையானாலும் ஹேமலதா ஆபீசில் இருந்தாள். அவன் போனை உயர்த்தி, வழக்கம்போல ஒரு முழம் தள்ளி, வாழை மரமும் பூ வளைவும் மட்டும் விழுகிற மாதிரி, குனிந்து குறி பார்த்தான்.

துளசிமணி அவனைப் பார்த்தாள், அந்த அம்மாளைப் பார்த்தாள், நீட்டிக்கொண்டிருந்த அத்தனை கைகளையும் பார்த்தாள். இன்னும் இரண்டு நிமிஷத்தில் அந்த முகம் மறுபடி போய்விடும், இந்தத் தடவை அதைத் திறக்க ஐம்பது பேர் காலில் விழ வேண்டும், ஐம்பது வீட்டு இட்லியை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அவளுக்கு அடிவயிற்றிலிருந்து அருவருப்பு ஏறி வந்தது, ஆனால் அது புருஷன்மேல் அப்பியிருந்ததைப் பார்த்து வந்த அருவருப்பு இல்லை. காறி வாசலிலேயே துப்பினாள். பிறகு அவனை இரண்டு கைகளாலும் இறுகக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அவன் கன்னத்தோடு வைத்து, போன்களின் பக்கம் திரும்பினாள்.

“எடுங்கடா! என்னையுஞ் சேர்த்து நல்லா எடுங்க!”

“வேண்டாம் புள்ள, தள்ளிப் போ,” என்றான் ஓதிச்சாமி. அவள் விடவில்லை.

எடுத்தார்கள். அவளும் சேர்ந்து விழுந்த படங்கள் இருபது முப்பது போயின. சம்பத்து தன் படத்தை அனுப்பிவிட்டு, “அழுத்து அம்மணி, மொத்தமா அழுத்து,” என்றான்.

துளசிமணிக்கு ஒன்றும் வலிக்கவில்லை. எதிரே இருந்தவர்களின் கண்கள் அவளைத் தாண்டிப் போனதை, முகங்களில் சுளிப்பு நீங்கி அமைதி வந்ததைப் பார்த்தாள், அமிர்தவல்லி அம்மாள் பெருமூச்சு விட்டதைப் பார்த்தாள். கைக்குள் புருஷன் அப்படியே இருந்தான், முழுதாகத் தெரிந்தான். நெஞ்சு குளிர்ந்து கீழே குனிந்து பார்த்தாள்.

மண்டபத்து வாசல் முழங்கால் உயரத்துக்கு மலத்தில் கிடந்தது. பூ வளைவின் அடியில், படிக்கட்டில், உள்ளே சிவப்புக் கம்பளத்தின் மேல், பளபளக்கிற மேடையின் ஓரத்தில், எங்கும் கறுப்பாக, தடித்து, புழுத்து நின்றது. அப்பால் பைபாஸ் ரோட்டில், கண்ணாடிக் கட்டிடங்களின் படிகளில், ஊர் முழுக்க, இரண்டு வருஷமாகப் பச்சை அழுத்தி முடித்த அத்தனையும், ஊதிப்போன நாய்களும் அழுகிய இலைகளும் ஆஸ்பத்திரிப் பஞ்சும் சாக்கடையும், போட்ட இடத்திலேயே கிடந்தது. மணப்பெண்ணின் கூரைப்புடவை அதில் இழுபட்டது. குழந்தைகள் அதில் ஓடிப்பிடித்து விளையாடின. பந்தியில் வரிசையாக உட்கார்ந்து அதற்குள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இலையில் சிந்திய பாயசத்தை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தார்கள்.

துளசிமணி குனிந்து வாந்தி எடுத்தாள். ஓதிச்சாமி அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். வயிற்றில் ஒன்றும் மிஞ்சாமல் எல்லாம் போன பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“முப்பது நாளா இதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தியா மாமா? எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

“சொல்லியிருந்தா நீ சோறு தின்னிருப்பியா?” என்றான் ஓதிச்சாமி.

உள்ளே இரண்டாம் பந்திக்கு இலை போட்டார்கள், சனங்கள் முண்டியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.